ஆராய்ச்சி மணியும் ஆட்கொணர்வு மனுவும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் தேசம், தனியாள், அரசதிகாரம்

குண்டு விழுந்த எல்லை

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஒரு கோட்டை இருந்தது. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுடுவது. குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. அப்படிக் கம்பெனி வசமான ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்ற பெயர் நிலைத்தது. அந்த ஊர்களில் உழுதவரையும் நெய்தவரையும் வலை வீசியவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குண்டு தலைக்கு மேலே போனது. அவர்கள் வேறோர் அரசின் குடிகள் ஆனார்கள்.

மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1993-இல், இதே நிலப்பரப்பைச் சேர்ந்த ஓர் ஏழைப் பெண் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசைப் பார்த்துக் கேட்டார்: என் கணவர் எங்கே? அரசு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

குண்டுக்கும் இந்தக் கேள்விக்கும் இடைப்பட்ட தூரத்தை எப்படி விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். இந்த வட்டாரத்தில் சுதந்திரம் என்று பேசப்பட்டபோதெல்லாம் அது யாருடைய சுதந்திரமாக இருந்தது? தேசத்தினுடையதா, மொழியினத்தினுடையதா, சமயச் சபையினுடையதா, தனியாளினுடையதா? என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தேசியமும் மொழியுணர்வும் சமய உரிமையும் இங்கே அரசை எதிர்த்து உறுதியாக நின்றிருக்கின்றன. ஆனால் மூன்றுமே தனியாளைத் தம் கூட்டத்தின் உறுப்பாகவே காத்தன. கூட்டத்துக்கு வெளியே நின்றவரையும், கூட்டத்தோடு முரண்பட்டவரையும் கைவிட்டன.

இதுவரை சொல்லப்பட்டவை

இப்பகுதியின் அரசியல் வரலாறு பெரும்பாலும் இரண்டு கதைகளாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று தேசியக் கதை. கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள் அதன் முகம். ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927-இல் சென்னையில் நடந்த நீலன் சிலைப் போராட்டத்தில் மகள் அம்மாக்கண்ணுவோடு சிறை சென்றவர். பின்னொரு முறை சிறையிலிருந்தபோது நிறைமாதமாகி, பேறுகாலத்துக்காக வெளியே விடப்பட்டு, பிள்ளை பெற்றுத் திரும்பவும் சிறைக்குப் போனார். அந்தப் பிள்ளையை 'ஜெயில் வீரன்' என்று அழைத்தார்கள். இன்னொன்று திராவிட இயக்கக் கதை. அதன் முகம் 1965-இல் சிதம்பரத்தில் குண்டடிபட்டு இறந்த மாணவர் ராஜேந்திரன். இரண்டு கதைகளிலும் அரசு எதிரே நிற்கிறது, மக்கள் ஒன்றாகத் திரண்டு நிற்கிறார்கள், தனியாள் தியாகியாகும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறார்.

ஆய்வுலகம் வேறு கோணங்களையும் தந்திருக்கிறது. மக்கள் அரசோடு உரிமையுள்ள குடிமக்களாகப் பேசுவதில்லை, சலுகை கோரும் குழுக்களாகவே பேசுகிறார்கள் என்பது பார்த்தா சாட்டர்ஜியின் புகழ்பெற்ற வாதம். கம்பெனி ஆட்சி தென்னிந்தியாவில் காகிதத்தையும் கணக்கெழுத்தையும் கொண்டு எப்படி ஆண்டது என்பதை பவானி ராமன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அரசமைப்புச் சட்டத்தை மேல்தட்டினரின் ஆவணமாக மட்டும் பார்க்காமல், கசாப்புக்காரர்களும் சிறு வணிகர்களும் பாலியல் தொழிலாளர்களும் எடுத்துக் கையாண்ட கருவியாகக் காட்டினார் ரோஹித் டே. இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு சொல் முன்னுக்கு வருகிறது: மனு.

திங்கட்கிழமை காலையில் கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுதிக் கொடுப்பவரைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று அவரவர் கதையை அவரவர் சொல்லச் சொல்ல, எழுதுகிறவர் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் ஊற்றுவார்: அனுப்புநர், பெறுநர், பொருள்; கடைசியில் 'ஆவன செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்'. வாசலில் காவலர்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். மனுவோடு மண்ணெண்ணெய்ப் புட்டியும் வந்துவிடக் கூடாது என்ற அச்சம். பணிவன்பும் தீக்குளிப்பும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அரசை நோக்கிய நம் மனப்பாங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியாது.

கிராமங்களில் ஆட்சியர் நடத்தும் இதுபோன்ற முகாமுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்ற திருவாரூர்க் கதையின் நினைவு அது. அருமையான கதை, ஆனால் அதில் நீதி முழுவதும் அரசனின் நெஞ்சுரத்தில் இருக்கிறது. பசுவுக்கு மணி அடிக்க மட்டுமே முடியும். அரசன் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்பதற்குக் கதையில் விடையில்லை. அந்த விடையைச் சட்டம் வேறொரு மனுவின் வடிவில் வைத்திருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதால், வேண்டுவதற்கும் உரிமை கோருவதற்கும் உள்ள வேறுபாடு நம் பேச்சில் அடிக்கடி மங்கிவிடுகிறது.

1918: எழுத்துக்குக் காவல்

1918 நவம்பர் 11-இல் முதல் உலகப் போர் ஓய்ந்தது. புதுச்சேரியில் பத்தாண்டுகள் அடைக்கலம் இருந்த பாரதி, நவம்பர் 20-இல் பிரெஞ்சு எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்ததும் கைதானார். போர் முடிந்து ஒன்பது நாள். கைதுக்குப் பயன்பட்டதோ போர்க்காலத்துக்கென்று பிறப்பித்த அவசரச் சட்டம். கடலூர்ச் சிறையில் ஏறத்தாழ 25 நாள் இருந்தார். சிறையிலிருந்து சென்னை ஆளுநர் பெண்ட்லண்டுக்கு மனு எழுதினார். அரசியலை விட்டுவிட்டதாகவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதாகவும் அதில் உறுதி சொன்னார். டிசம்பர் 14-இல் நிபந்தனைகளோடு விடுதலை கிடைத்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் குறிப்பிட்ட இடங்களில்தான் வசிக்க வேண்டும். எழுதுவதை வெளியிடுமுன் குற்றப் புலனாய்வுத் துறையின் துணைத் தலைவரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும்.

இந்த மனு தேசியக் கதையை எப்போதும் சங்கடப்படுத்தி வந்திருக்கிறது. அன்பர்களில் பலர் இதை இரண்டு வரியில் கடந்துபோவார்கள். குறைசொல்ல வந்தவர்கள் இதை மட்டும் தூக்கிப் பிடிப்பார்கள். இரு தரப்புக்கும் அடிப்படை ஒன்றுதான்: தேசத்தின் கவி தேசத்துக்காகச் சிறையில் வாடியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. தேசம் என்ற பெரிய உருவத்தை வைத்துக்கொண்டு சிறைக்குள் இருந்த மனிதரை அளக்கிறார்கள்.

அந்த மனிதரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் நண்பர் வ.உ.சி. சிறையில் செக்கிழுத்து உடைந்து திரும்பியதை அறிந்தவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் வருமானமின்றி நின்றார்கள். அவர்மீது புதிய குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நீதிமன்ற விசாரணையும் இல்லை. வெளியே வர உதவியவர்கள் அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், ரங்கசாமி ஐயங்கார் போன்ற தனிமனிதர்கள். தெருவில் திரண்ட கூட்டம் எதுவும் கிடையாது. இந்தச் சூழலில் அவர் எழுதியதைச் சரணாகதி என்று பெயரிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. விசாரணையின்றி அடைக்கும் அதிகாரம் உள்ள எந்த அரசிடமும் மனிதர் கெஞ்சத்தான் நேரும். வெட்கம் அதிகாரத்தைச் சேர்ந்தது.

நிபந்தனைகளில் இரண்டாவதுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. அரசு அவரிடம் ராஜபக்தியைக் காட்டிலும் கையெழுத்துப் பிரதியைக் கேட்டது. வாசகர் படிக்குமுன் போலீஸ் அதிகாரி படிக்க வேண்டும். 1920-இல் கட்டுப்பாடுகள் நீங்கின. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார். இறந்த பிறகும் விடவில்லை. 1928-இல் அவருடைய பாடல் நூல்களைச் சென்னை அரசு தடைசெய்து பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துப் போராடினார்.

விடுதலைக்குப் பின் இந்த அதிகாரம் என்னவாயிற்று? சிறைப்பட்டவர்களே எழுதிய அரசமைப்புச் சட்டம், விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரத்தை 22-ஆம் பிரிவில், அதுவும் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே, இடம் கொடுத்து வைத்துக்கொண்டது. புதிய குடியரசின் முதல் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏறிய பெரும் வழக்குகள் இரண்டு சென்னை அரசின் செயலிலிருந்து பிறந்தவை: பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் தடுப்புக்காவல்; ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மாநிலத்துக்குள் நுழையத் தடை. முதலாவதில் அரசு வென்றது. இரண்டாவதில் தோற்றது, தோற்றதும் 1951-இல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமைமீது அரசு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளை விரித்தது. தேசம் விடுதலை பெற்றது. கடலூர்ச் சிறையில் பாரதிக்கு எதிராகப் பயன்பட்ட அதிகாரம் கைமாறியது, கலையவில்லை.

அம்பலம் யாருக்குப் பொது?

சைவ மரபில் அடைமொழி இல்லாமல் 'கோயில்' என்றாலே சிதம்பரம்தான். அங்கே இறைவன் ஆடும் இடத்துக்கு அம்பலம், மன்று, பொது என்ற பெயர்கள் உண்டு. மூன்றுமே பலர் கூடும் வெளியைக் குறிக்கும் சொற்கள். கோயிலை நிர்வகிப்பவர்களும் பொது தீட்சிதர்கள் என்றே அழைக்கப்படுகிறார்கள். அப்படியிருந்தும் இந்தியக் குடியரசு தோன்றியதிலிருந்து நீதிமன்றங்களில் ஓயாமல் எழுந்த கேள்வி, இந்தப் பொது யாருக்கானது என்பதே.

1951-இல் சென்னை அரசு கோயிலுக்கு நிர்வாக அதிகாரியை நியமித்தது. தீட்சிதர்கள் மனுச் செய்தார்கள். அவர்கள் ஒரு தனிச் சமயப் பிரிவினர், தம் காரியங்களைத் தாமே நடத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி அவர்களுக்கு உண்டு என்று உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு இறுதியிலேயே தீர்ப்பளித்தது. அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. 1954-இல் நியமனத்தைத் தானே விலக்கிக்கொண்டது. 1987-இல் மீண்டும் நிர்வாக அதிகாரி நியமனம், மீண்டும் வழக்கு. 2009-இல் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 2014 ஜனவரி 6-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நிர்வாகச் சீர்கேடு இருந்தால் அதைச் சரிசெய்யும் காலம்வரை அரசு தலையிடலாம், காலவரையின்றிக் கைப்பற்றி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அரசதிகாரத்துக்குக் கெடு வைத்த அளவில் அத்தீர்ப்பு சரியானது. அரசை ஐயத்தோடு பார்க்கும் எவரும் இதை மறுக்க முடியாது. சீர்கேட்டைக் காரணம் காட்டி நுழையும் அதிகாரம் தானாக வெளியேறியதாக வரலாறு இல்லை. ஆனால் 26-ஆம் பிரிவு காப்பது பிரிவினரின் உரிமையை. அந்தப் பிரிவின் சுவருக்கு வெளியே நிற்கும் தனி அடியாரின் நிலை என்ன?

நந்தன் நெருப்பில் இறங்கிக் கோயிலுக்குள் போனதாகச் சொல்லும் கதையின் ஊர் இது. ஒடுக்கப்பட்டோர் தமிழகக் கோயில்களுக்குள் சட்டப்படி நுழைந்தது 1947-இன் ஆலய நுழைவுச் சட்டத்தால். நெருப்பைக் கடந்து அல்ல. அண்மைக்கால எடுத்துக்காட்டு, குமுடிமூலையைச் சேர்ந்த சிவனடியார் ஆறுமுகசாமி. திருச்சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட அவர் முயன்றபோது தடுக்கப்பட்டார். தேவாரம் தமிழ்ச் சைவத்தின் உயிர். அதன் ஏடுகள் கிடைத்ததே இக்கோயிலில்தான் என்பது மரபு. எட்டாண்டுக்கால முயற்சிக்குப் பின் 2008 பிப்ரவரி இறுதியில் அரசாணை வந்தது. மார்ச் 2-ஆம் நாள் காவலர் சூழ அந்த முதியவர் மேடையேறிப் பாடினார். 2022-இல் கனகசபையில் நின்று வழிபட எல்லோருக்கும் உரிமை தந்ததும் அரசாணைதான்.

அரசு விலகினால் சுதந்திரம் தானே மலரும் என்ற எளிய கோட்பாட்டை இந்த வழக்கு வரலாறு உடைக்கிறது. சபைக்கு அரசிடமிருந்து விடுதலை தேவைப்பட்டது. தனி அடியாருக்கோ சபையிடமிருந்து விடுதலை பெற அரசு தேவைப்பட்டது. இரண்டுமே மெய்யான தேவைகள். பொது விவாதத்தில் இவை தீட்சிதர் எதிர் தமிழர், பக்தர் எதிர் நாத்திக அரசு என்று இரண்டு கூட்டங்களின் சண்டையாகச் சுருக்கப்பட்டன. ஆறுமுகசாமி என்ற ஒருவர் தம் தெய்வத்தின் முன் தம் மொழியில் பாட விரும்பினார் என்ற எளிய செய்தி இரைச்சலில் காணாமல் போயிற்று.

ஒரே வளாகம், இரண்டு சாவுகள்

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்ற நிலையை எதிர்த்து மாணவர்கள் எழுந்தார்கள். 27-ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டபோது போலீஸ் சுட்டதில் ராஜேந்திரன் இறந்தார். அண்ணாமலை நகரில் அவருக்குச் சிலை உண்டு.

பலர் மறந்துவிட்ட ஒரு பின்னணி இங்கே தேவை. சீனப் போரை ஒட்டி 1962 அக்டோபரில் பிறப்பித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரிவரை நீடித்தது. மொழிப் போராட்டத்தின்போது கைதுகளுக்கு இந்தியப் பாதுகாப்பு விதிகளே பயன்பட்டன. 1918-இல் கண்ட அதே வழக்கம்: எல்லைப் போருக்கென்று வாங்கிய அதிகாரம் உள்ளூர் மாணவன்மீது பாய்ந்தது. 1963-இன் 16-ஆம் திருத்தம், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களுள் சேர்த்திருந்தது. தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது அந்தச் சூழலில்தான். தேசத்தின் பெயரால் அரசு என்னென்ன செய்யலாம் என்பதற்கு அந்த மூன்றாண்டுகள் போதிய சான்று.

மொழிப் போராட்டத்தை இனத்தின் எழுச்சியாகவே நினைவுகூர்கிறோம். அதில் தனியாளின் நலனும் அழுத்தமாக இருந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவனுக்கு, எந்த மொழியில் தேர்வெழுதினால் வேலை கிடைக்கும் என்பது தன் வாழ்க்கையைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமையின் கேள்வி. நினைவுச் சொற்பொழிவுகளில் அந்தக் கேள்வி அருகிப்போய், தியாகம் மட்டும் மிஞ்சியது.

ஆறாண்டுகள் கழித்து, 1971-இல், அதே பல்கலைக்கழகம் முதலமைச்சர் கருணாநிதிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. எதிர்த்த மாணவர்கள்மீது போலீஸ் தடியடி நடத்தியது. உதயகுமார் என்ற மாணவர் குளத்தில் பிணமாகக் கிடந்தார். அது தம் மகனே அல்ல என்று தந்தை சொல்ல நேர்ந்தது. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. சர்ச்சை இன்றுவரை அடங்கவில்லை. சாவின் காரணம் எதுவாயினும், நினைவின் வேறுபாடு வெளிப்படை. ராஜேந்திரனைச் சுட்ட அரசு எதிராளியின் அரசு. அவர் ஆண்டுதோறும் வணங்கப்படுகிறார். உதயகுமாரின் பெயர் கட்சி மேடைகளில் ஒருவரை ஒருவர் குத்திக்காட்ட மட்டும் எடுக்கப்படுகிறது. அரசதிகாரத்தைப் பற்றிய நம் கோபம், அதை வைத்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது என்பதற்கு இந்த இரண்டு சாவுகளும் சாட்சி.

ஆள் எங்கே?

தமிழில் 'ஆள்' என்ற சொல் வியப்பளிப்பது. பெயராக நின்றால் மனிதர். வினையாக நின்றால் அரசு செலுத்துதல். ஆட்சி, ஆளுநர் எல்லாம் அதிலிருந்து வந்தவை. இன்னொரு பொருளும் உண்டு: அடிமை, பணியாள். பண்ணையில் 'என் ஆள்' என்றால் அந்தப் பொருள்தான். மனிதர், அடிமை, அதிகாரம் மூன்றும் ஒரே ஓசைக்குள் அடங்கியிருக்கும் மொழியில், 'ஆட்கொணர்வு மனு' என்ற சட்டச் சொல் பொருத்தமாக வாய்த்திருக்கிறது. ஆள்கிறவரைப் பார்த்து, ஆளைக் கொண்டுவா என்கிறது அது. அதில் பணிவன்புக்கு இடமில்லை.

1993 மார்ச்சில், அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற குறவர் இனத்தவரை ஒரு திருட்டு வழக்குக்காகக் கம்மாபுரம் போலீசார் பிடித்துச் சென்றார்கள். பிறகு அவர் தப்பியோடிவிட்டதாகச் சொன்னார்கள். மனைவி பார்வதி நம்பவில்லை. ஊரில் செல்வாக்கில்லை, நிலமில்லை, அவருக்காகக் கொடி பிடிக்கத்தக்க அளவுக்கு எண்ணிக்கையுள்ள சாதியும் இல்லை. மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் துணைக்கு வந்தார்கள், வழக்கறிஞர் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். நெருக்கடி நிலைக்காலத்தில் கேரளத்தில் காணாமல்போன மாணவர் ராஜனுக்காக அவர் தந்தை ஈச்சர வாரியர் நடத்திய வழக்கு முன்னுதாரணமாகக் கைகொடுத்தது. ராஜாக்கண்ணு காவலில் அடித்துக் கொல்லப்பட்டதும், அடையாளம் தெரியாத உடலாகப் பக்கத்து மாவட்ட எல்லைக்குள் கிடத்தப்பட்டதும் வெளிவந்தது. 2006-இல் காவலர்களின் குற்றத்தை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. பதின்மூன்று ஆண்டுகள்.

சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறையும் போலீசும் செய்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இலேயே அறிக்கை தந்திருந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அதே முறைகள் அதே வகை மனிதர்கள்மீது கையாளப்பட்டன. கொடியும் மொழியும் ஆளும் கட்சியும் மாறியும் காவல் நிலையத்தின் உள்ளறை மாறாமல் இருந்தது என்றால், தேச விடுதலை, இன விடுதலை என்ற இரண்டு கதைகளும் அந்த அறைக்குள் எட்டவில்லை என்றே பொருள்.

2021-இல் இந்த வழக்கை ஒட்டி ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' வெளிவந்தபோது நடந்தது இன்னும் கவலைக்குரியது. காவல் சாவைப் பற்றிய பேச்சு சில நாளில் திசைமாறிற்று. சுவரில் தொங்கிய நாட்காட்டி எந்தச் சாதியைச் சுட்டுகிறது, படத்தில் காட்டிய இனம் எது, உண்மையில் பாதிக்கப்பட்ட இனம் எது என்று விவாதம் ஓடியது. அடையாளத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் ஓர் ஆள் அறைக்குள் அடித்துக் கொல்லப்பட்ட செய்தி, எந்தக் கூட்டத்தின் மானம் என்ற கேள்வியாக உருமாறியது. நான் மேலே சொன்ன நோய்க்கு இதைவிடத் தெளிவான அறிகுறி தேவையில்லை.

கூட்டமே கொல்லும்போது என்ன ஆகிறது? அதற்கும் இம்மாவட்டத்திலேயே வழக்கு உண்டு. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் வேதிப் பொறியியல் படித்த முருகேசன் தலித்; கண்ணகி வன்னியர். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சட்டத்தின் முன் இரண்டு தனியாட்கள் தம் விருப்பத்தை எழுதிக் கையெழுத்திட்ட ஆவணம் அது. ஜூலை 8-ஆம் நாள் இருவரையும் பிடித்து நஞ்சு புகட்டிக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்ப் போலீஸ் உண்மையை மூடி மறைத்தது. மத்தியப் புலனாய்வுத் துறை வந்த பிறகே வழக்கு நகர்ந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் காவல் அதிகாரிகள் இருவரும் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் குற்றவாளிகளின் மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இங்கே அரசு அளவுமீறி நுழைந்ததால் உயிர் போகவில்லை. வர வேண்டிய நேரத்தில் வராமல், கூட்டத்தின் பக்கம் சாய்ந்து நின்றது.

மணியா, ஆணையா

ஆட்கொணர்வு மனுவை நான் புனிதமாக்கவில்லை. அதற்கும் மறுபக்கம் உண்டு. வயது வந்த மகள் தன் விருப்பப்படி மணந்துகொண்டு போனால், அவளைத் திரும்ப வாங்கப் பெற்றோர் நாடுவதும் இதே மனுவைத்தான். நீதிபதி அந்தப் பெண்ணைப் பார்த்து, உன் விருப்பம் என்ன என்று நேராகக் கேட்கும்போது மட்டுமே அது சுதந்திரத்தின் கருவியாகிறது. 1976-இல், நெருக்கடி நிலையில் இந்த மனுவையே தாக்கல் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னது, நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மறுத்தார். அந்தத் தீர்ப்பு முறைப்படி தவறென்று தள்ளப்பட 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று மக்கள் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டுவரை அடைத்துவைக்க இடம் தருகிறது. இரண்டு திராவிடக் கட்சிகளும் மாறி மாறி ஆண்டும் அச்சட்டத்தைத் தளர்த்தவில்லை, விரிவாக்கவே செய்தன. பொதுமக்களிடமும் எதிர்ப்பில்லை. 'குண்டாஸ் போடுங்கள்' என்பது இன்று மக்களே எழுப்பும் கோரிக்கை.

இங்கேதான் மனப்பாங்கின் சிக்கல் இருக்கிறது. நம் மக்கள் அரசை அஞ்சுகிறார்கள் என்பதும் சரி, நம்புகிறார்கள் என்பதும் சரி. நல்லவர் கையில் இருந்தால் அதிகாரத்துக்கு எல்லை தேவையில்லை என்ற சோழர்காலக் கனவு இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. சுரங்கத்துக்கு நிலம் போனதை எதிர்த்து நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் போராடுகிறவர்களும் அதே நிறுவனத்தில் வேலை கேட்டே மனுக் கொடுக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நிலத்தை எடுத்துக்கொண்டவர் சோறு போடட்டும் என்பது நியாயமான கேட்பு. ஆயினும் அதிகாரத்தின் அளவு பற்றிய கேள்வி அங்கே எழாமலே போகிறது.

நாட்டுப்பற்றோ இனப்பற்றோ சமயப்பற்றோ தவறு என்பது என் முடிவன்று. பாரதியும் ராஜேந்திரனும் ஆறுமுகசாமியும் அவற்றால் உயர்ந்தவர்கள். ஆனால் எந்தப் பற்றும், அது எதிராளியின் ஆளையும் நம் ஆளைப் போலவே எண்ணுகிறதா என்ற ஒரு சோதனையில் தேற வேண்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் நூறாண்டு வரலாற்றில் அந்தச் சோதனையில் நாம் அடிக்கடி தோற்றிருக்கிறோம்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஒருவரைப் போலீஸ் அழைத்துப் போனால், அவர் யார், எந்த ஊர், எந்தக் கட்சி, என்ன செய்தார் என்று கேட்பதற்கு முன், எந்த நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள் என்று கேளுங்கள். கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும், அதில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளும் அரசமைப்புச் சட்டமும் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. முதனையில் பார்வதி கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.